அபார்ட்மென்ட் இன்டீரியர் டிசைன் பண்ணிக் குடுத்தவங்க பத்தி, வேலை முடிஞ்சு திரும்பக் குடிவந்து ரெண்டரை வருஷம் கழிச்சு ஒரு ரிவ்யூ

வேலை முடிஞ்சு சாவி குடுத்த அன்னிக்கே ரிவ்யூ போடச் சொல்லிக் கேட்டாங்க, நான் தான் கொஞ்ச நாள் இருந்து பாத்துட்டு எழுதறேன்னு சொல்லிட்டேன். புது பெயின்ட், புது லைட்டுன்னு பளபளன்னு இருக்கறப்ப எந்த வீடும் நல்லாத்தான் தெரியும், அதுல வெயில் காலம் மழைக் காலம் ஒரு ரவுண்டு போயி, பையனுக்குப் பரீட்சை வந்து, அம்மாவுக்கு முட்டி வலி வந்து, சொந்தக்காரங்க நாலு பேர் பத்து நாள் தங்கிட்டுப் போன அப்புறம் தான் டிசைன் பண்ணவங்க யோசிச்சுப் பண்ணாங்களா இல்ல போட்டோவுக்காகப் பண்ணாங்களான்னு தெரியும். இப்ப ரெண்டரை வருஷம் ஆச்சு. நல்லது நிறைய இருக்கு, குறையும் இருக்கு, ரெண்டையும் ஒளிக்காம எழுதப் போறேன், அதனால தான் அவங்க பேரை இங்க போடல.

வீடு பெருசு இல்ல. ரெண்டு பெட்ரூம், 880 சதுர அடி, நாலாவது மாடி, பதினஞ்சு வருஷப் பழைய கட்டடம், ஹாலும் பால்கனியும் மேற்கு பாத்தது. இருக்கறது நாலு பேர், நான், வீட்டுக்காரர், அப்ப அஞ்சாவது படிச்சிட்டிருந்த பையன், எங்க அம்மா. நாங்க கேட்டது மூணே விஷயம் தான், பாக்க அழகா இருக்கணும், தெனமும் புழங்க வசதியா இருக்கணும், அஞ்சு வருஷத்துல ஒடைச்சுக் குப்பையில போடற மாதிரி இருக்கக் கூடாது. மூணாவதைச் சொன்னதும் முதல்ல வந்த வேற ஒரு கம்பெனிக்காரர் "எல்லாமே ஈகோ ஃப்ரெண்ட்லி மெட்டீரியல் தாங்க மேடம்"னு ஒரே வரியில முடிச்சிட்டு இருபது நிமிஷத்துல கெளம்பிட்டார், அடுத்த நாளே மூணு படம் அனுப்பினார், மூணுலயும் எங்க வீட்டுல இருந்த ஒரு சாமான் கூட இல்ல, எல்லாமே புதுசு.

இவங்க கிட்ட எனக்கு முதல்ல புடிச்சதே ஃபீஸ் வாங்கற விதம் தான். மொத்தச் செலவுல இத்தனை சதவீதம்னு கேக்கல, டிசைனுக்கு ஒரு ஃபிக்ஸட் தொகை, வேலைக்குத் தனிக் கணக்கு. இது சின்ன விஷயமாத் தெரியும் ஆனா இல்லைங்க, சதவீதக் கணக்குல இருக்கறவங்க "இந்த கப்போர்டு நல்லாத்தானே இருக்கு, விட்ருங்க"ன்னு சொன்னா அவங்களுக்குத் தான் நஷ்டம், ஃபிக்ஸட் ஃபீஸ் வாங்கறவங்களுக்கு அந்தப் பயம் கெடையாது. அவங்க முதல் வேலையே வீட்டுல எதையெல்லாம் வெச்சுக்கலாம்னு லிஸ்ட் எடுத்தது தான். கிச்சன் கப்போர்டோட உள் பெட்டியெல்லாம் தட்டிப் பாத்து, ஸ்க்ரூ கழட்டித் திரும்பப் போட்டு புடிக்குதான்னு பாத்து, சிங்க் கீழ இருக்கற ஒண்ணு மட்டும் ஊறிப் போயிருக்கு, மத்தது எல்லாம் நல்ல ப்ளைவுட்டு, கதவை மட்டும் மாத்தினா போதும்னு சொன்னாங்க. தரை டைல்ஸையும் அதே மாதிரி ஒவ்வொண்ணா காசு வெச்சுத் தட்டினாங்க, எங்க வெத்துச் சத்தம் வருதோ அங்க மார்க் பண்ணாங்க, மொத்தம் பதினோரு டைல் தான் தூக்கி இருந்துச்சு. அதை மட்டும் எடுத்து ஒட்டிட்டு, மத்ததுக்கு எல்லாம் இடுக்குல இருந்த பழைய பூச்சைச் சொரண்டி எபாக்ஸிங்கற பிசின் பூச்சு போட்டாங்க, தரை புதுசு மாதிரி ஆயிடுச்சு. உலகத்துல வெளியாகற கார்பன் டை ஆக்ஸைடுல ஏறக்கொறைய 7, 8 சதவீதம் சிமென்ட் தயாரிக்கறதுல இருந்து மட்டும் வருது, அப்புறம் சூளையில சுட்ட டைல் வேற, நல்லா இருக்கற தரையை ஒடைச்சிட்டு அது மேல என்ன பச்சை மெட்டீரியல் போட்டாலும் கணக்கு சரியாகாதுன்னு டிசைனர் சொன்னது எனக்கு நல்லா உறைச்சுது.

அப்புறம் அவங்க பண்ணது தான் இந்த ரிவ்யூ எழுதவே காரணம். வரையறதுக்கு முன்னாடி ரெண்டு நாள் வீட்டுல சும்மா இருந்தாங்க. சும்மான்னா நெஜமாவே சும்மா, ஒரு சாக்பீஸ் மட்டும் கையில. மத்தியானம் ஒரு மணியில இருந்து ஒவ்வொரு மணிக்கும் ஹால் தரையில வெயில் எதுவரைக்கும் வருதுன்னு கோடு போட்டு பக்கத்துல நேரம் எழுதினாங்க, அஞ்சு மணிக்குப் போட்ட கோடு சோஃபாவையும் தாண்டி பெட்ரூம் வாசல் கிட்ட வந்து நின்னுச்சு. பத்து வருஷமா அந்த வீட்டுல இருக்கேன், சாயங்காலம் ஹால்ல உக்கார முடியலன்னு மட்டும் தான் எனக்குத் தெரியும், வெயில் அவ்வளவு தூரம் உள்ள வருதுன்னு அன்னிக்குத் தான் கண்ணால பாத்தேன்.

அடுத்த நாள் கிச்சன். காலி அட்டைப் பெட்டிங்களை அடுக்கி, மேல ஒரு பலகையைப் போட்டு, அம்மாவைக் கூப்ட்டு "அம்மா, காய் நறுக்கற மாதிரி நில்லுங்க"ன்னு சொன்னாங்க. அம்மா கத்தியும் கட்டிங் போர்டும் எடுத்துட்டு வந்து நெஜமாவே நறுக்க ஆரம்பிச்சிட்டாங்க. 91 செமீ உயரத்துல தோள் ரெண்டும் மேல தூக்கிட்டு இருந்துச்சு, 85ல நான் நின்னா முதுகு வளையுது. முழங்கை உயரத்துல இருந்து 10 டு 15 செமீ கீழ மேடை இருந்தா கைக்கு வலி இருக்காதுன்னு ஒரு கணக்கு உண்டு, ஆனா அம்மாவோட முழங்கை 98, என்னோடது 103, ரெண்டு பேரும் ஒரே கிச்சன்ல வேலை பாக்கறவங்க. மேடையை 88ல வெச்சிட்டு, அதுக்குக் கீழ ட்ராயர் மாதிரி இழுத்தா வர்ற ஒரு பலகை போட்டுக் குடுத்தாங்க, அம்மா ஸ்டூல்ல உக்காந்து அதுல நறுக்குவாங்க. முட்டி வலி வந்த அப்புறம் அந்தப் பலகை இல்லன்னா அம்மா கிச்சனுக்குள்ளயே வர முடியாமப் போயிருக்கும், இதை நான் கொஞ்சமும் மிகைப்படுத்திச் சொல்லல, அவங்க பாதி நேரம் உக்கார்றதே அங்க தான்.

கிச்சன் சின்னதுன்னு நான் ரொம்பப் பொலம்பினப்ப டிசைனர் தன் போன்ல ஒரு பழைய போட்டோ காமிச்சாங்க. 1926ல மார்கரெட் ஷூட்டே லிஹோட்ஸ்கின்னு ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஒரு பெண் ஆர்க்கிடெக்ட், ஜெர்மனியில தொழிலாளிங்களுக்குக் கட்டின குடியிருப்புக்காக டிசைன் பண்ண ஃபிராங்ஃபர்ட் கிச்சனாம் அது. அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர், அவ்வளவு தான். சமைக்கற ஆள் எத்தனை அடி நடக்கறாங்க, எதை எடுக்க எத்தனை தடவை திரும்பறாங்கன்னு நேரம் குறிச்சுப் பாத்து அதுக்கேத்த மாதிரி ஒவ்வொண்ணையும் இடத்துல வெச்சிருக்காங்க, உக்காந்து வேலை பாக்க சுழல் ஸ்டூல் கூட இருக்கு, அந்த மாதிரி பத்தாயிரம் கிச்சன் கிட்ட போட்டிருக்காங்க. எங்களோடது அதைவிட 20 செமீ அகலம் ஜாஸ்தி. அதுக்கப்புறம் நான் எடம் பத்தலன்னு சொல்றதை விட்டுட்டு எது எங்க இருக்கணும்னு பேச ஆரம்பிச்சேன், பேச்சே மாறிடுச்சு. இப்ப கழுவற எடத்துக்கு நேர் மேல தட்டு வெக்கற ஸ்டாண்டு, தண்ணி அங்கயே சொட்டிடும், அடுப்புக்கு வலது கைப் பக்கம் டெய்லி எடுக்கறது மட்டும், வருஷத்துல ரெண்டு தடவை எடுக்கற பெரிய பாத்திரம் எல்லாம் சீலிங் ஓரம். அவ்வளவு தான், வேற வித்தை ஒண்ணும் இல்ல, ஆனா ரெண்டு பேர் ஒரே நேரத்துல இடிச்சுக்காம வேலை பாக்கறோம்.

பெட்ரூம்ல எல்லாத்தையும் தரையில மாஸ்கிங் டேப் ஒட்டிக் காமிச்சாங்க. கட்டில் இங்க, வார்ட்ரோப் இங்க, கதவு தொறந்தா இதுவரைக்கும் வரும்னு அரை வட்டம். வார்ட்ரோப்புக்கு 60 செமீ ஆழம் வேணும், ஹேங்கர்ல போட்ட சட்டை தோள் அகலமே ஏறக்கொறைய அவ்வளவு வரும், அதுக்குக் கம்மி பண்ணா கதவு சட்டைக் கையைக் கடிக்கும். அதை வெச்சிட்டுப் பாத்தா கட்டிலுக்கும் வார்ட்ரோப்புக்கும் நடுவுல 62 செமீ தான் மிச்சம், கதவு தொறந்தா ஆள் நிக்க முடியாது. படத்துல பாத்திருந்தா இது எனக்குத் தெரிஞ்சே இருக்காது, டேப்புக்குள்ள நின்னு பாத்ததால ஸ்லைடிங் கதவுன்னு அங்கயே முடிவாச்சு. நீங்க யாரை வெச்சு வேலை பாத்தாலும் இந்த டேப் ஒட்டற வேலையை மட்டும் கேட்டு வாங்குங்க, ஒரு ரோல் டேப்பும் ஒரு மணி நேரமும் தான் ஆகும்.

மேற்கு வெயிலுக்கு வருவோம். நான் கனமான திரை போட்டா போதும்னு நெனச்சேன். அவங்க சொன்னது, வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ள வந்தாச்சுன்னா சூடும் வந்தாச்சு, அப்புறம் திரை சூடாகி அந்தச் சூட்டை ரூமுக்குள்ள தான் விடும், தடுக்கணும்னா கண்ணாடிக்கு வெளியவே தடுக்கணும். அதுவும் மேற்குல சூரியன் சாயங்காலம் தாழ வர்றதால மேல நீட்டிக்கிட்டு இருக்கற சன்ஷேடு பிரயோஜனம் இல்ல, செங்குத்தா நிக்கற பட்டைங்க தான் வேணும். ஆனா வெளிப்புறத்தை மாத்தறதுக்கு அசோசியேஷன் ஒத்துக்கல, ஒன்றரை மாசம் லெட்டர் மேல லெட்டர். கடைசியில பால்கனி கைப்பிடிக்கு உள்பக்கமாவே, திருப்பற மாதிரி மர நிற அலுமினியப் பட்டைங்க வெச்சாங்க, வெளிய இருந்து பாத்தா கட்டடத்தோட முகம் மாறல, அசோசியேஷனும் சரின்னுடுச்சு. மூணு மணிக்குப் பட்டையைத் திருப்பி விட்டா ஹால்ல அந்த சாக்பீஸ் கோடு இருந்த எடத்துல இப்ப ஒல்லி ஒல்லியா நிழல் விழுது. முன்னாடி சாயங்காலம் ஆனா ஏசி போடாம ஹால்ல இருக்கவே முடியாது, இப்ப பெரும்பாலான நாள் ஃபேனே போதுமா இருக்கு. பாக்கவும் அதான் எங்க வீட்டுலயே அழகான எடம், வர்றவங்க எல்லாரும் முதல்ல போட்டோ எடுக்கறது அதைத் தான், அழகும் உபயோகமும் ஒரே பொருள்ல இருக்க முடியும்னு எனக்குப் புரிஞ்சது அங்க தான்.

ஃபேன்னு சொன்னதும் ஞாபகம் வருது. பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், பிஎல்டிசின்னு சொல்ற பிரஷ் இல்லாத மோட்டார் போட்ட ஃபேன் 30 வாட் கிட்ட தான். ஒரு ஃபேன் தெனம் 12 மணி நேரம் ஓடுதுன்னு வெச்சாலும் வருஷத்துக்கு 197 யூனிட் மிச்சம், எங்க வீட்டுல நாலு ஃபேன். ஃபால்ஸ் சீலிங் எல்லா ரூம்லயும் வேணும்னு வீட்டுக்காரர் ஆசைப்பட்டார், சீலிங் உயரமே 2.75 மீட்டர் தான், அதுல 15, 20 செமீ போனா ரூம் அமுங்கின மாதிரி ஆகும், ஃபேனும் தலைக்குக் கிட்ட வந்துடும், காத்து மேல கீழ சுத்த எடம் இருக்காதுன்னு சொல்லி வாசல் பேசேஜ்ல மட்டும் போட்டாங்க. அவருக்கு அப்ப வருத்தம் தான், இப்ப இல்ல.

லைட்டு விஷயத்துல இவங்க கில்லாடிங்க. ஒரு நாள் ராத்திரி மூணு பல்ப் எடுத்துட்டு வந்து, வீட்டுக்காரரோட கறுப்பு பேன்ட்டையும் கருநீல பேன்ட்டையும் கட்டில் மேல பக்கத்துல பக்கத்துல விரிச்சு வெச்சு ஒவ்வொண்ணா மாத்திப் போட்டாங்க. முதல் பல்ப்ல ரெண்டும் ஒண்ணு. மூணாவதுல நீலம் தனியாத் தெரிஞ்சுது. சிஆர்ஐன்னு டப்பாவுல ஒரு நம்பர் இருக்கும், 100க்கு எவ்வளவு கிட்ட இருக்கோ அவ்வளவுக்கு நிறம் உள்ளபடி தெரியும், 90க்கு மேல வாங்குங்கன்னாங்க. அப்புறம் கெல்வின், வெளிச்சம் மஞ்சளா வெள்ளையான்னு சொல்ற நம்பர், ஹாலுக்கும் பெட்ரூமுக்கும் 2700ல இருந்து 3000, மஞ்சள் கலந்த வெளிச்சம், கிச்சன் மேடைக்கும் படிக்கற மேஜைக்கும் 4000. முன்னாடி எல்லா ரூம்லயும் 6500 வெள்ளை லைட்டு தான் எங்க வீட்டுல, ராத்திரி பத்து மணிக்கும் ஆபீஸ்ல உக்காந்த மாதிரி இருக்கும், இப்ப ஒம்பது மணிக்கு ஹால் லைட்டை மாத்தினாலே பையனுக்குத் தூக்கம் வர ஆரம்பிச்சுடுது.

பாத்ரூம்ல ரெண்டு விஷயம் மட்டும் சொல்றேன். டைல் ஒட்டறதுக்கு முன்னாடி வாட்டர் ப்ரூஃபிங் பண்ணிட்டு, ட்ரெயினை அடைச்சு 5 செமீ தண்ணி கட்டி 48 மணி நேரம் விட்டு, கீழ் வீட்டு சீலிங்கைப் போய்ப் பாத்துட்டு வந்தாங்க, இதைப் பண்ணாத யாரையும் பாத்ரூம்ல கை வெக்க விடாதீங்க. இன்னொண்ணு குழாய். ஒரு லிட்டர் மக்கை வெச்சு வாட்ச்ல பாத்தோம், அஞ்சு செகண்டுல நெறஞ்சுது, அதாவது நிமிஷத்துக்கு 12 லிட்டர். குழாய் நுனியில ஏரேட்டர்னு ஒரு சின்னத் திருகு மாட்டினாங்க, பத்து செகண்ட் ஆச்சு, தண்ணி சரிபாதி, ஆனா காத்து கலந்து வர்றதால கை கழுவறப்ப கம்மியாவே தெரியல. டாய்லெட்டுல ரெண்டு பட்டன் ஃப்ளஷ், 1980ல ஆஸ்திரேலியாவுல ப்ரூஸ் தாம்சன்னு ஒருத்தர் கண்டுபுடிச்சதாம், இப்ப வர்றதுல பெருசு 6 லிட்டர், சின்னது 3, எங்க பழைய தொட்டி ஒவ்வொரு தடவைக்கும் 10 லிட்டரை ஊத்திட்டு இருந்துச்சு.

இனி குறை. பெருசுல இருந்தே ஆரம்பிக்கறேன், பையன் ரூம் வார்ட்ரோப். அதை மாட்டின அன்னிக்குச் சாயங்காலம் கதவைத் தொறந்தேன், கண்ணு ரெண்டும் எரிஞ்சு தண்ணி வந்துடுச்சு, தொண்டையில ஒரு கசப்பு. புது மரம்னா அப்படித்தான் வாசனை வரும் அக்கா, ஒரு வாரத்துல போயிடும்னு சூப்பர்வைசர் சொன்னார். நான் ஒத்துக்கல. அது மர வாசனை கெடையாதுங்க, பலகையை ஒட்டற பசையில இருக்கற ஃபார்மால்டிஹைட், 2004ல இருந்து உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு அதை மனுஷங்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும்னு முதல் வகையில சேத்து வெச்சிருக்கு. சூடும் ஈரமும் ஜாஸ்தியானா இன்னும் ஜாஸ்தியா வெளிய வரும். நாங்க பேசினது ஈ1 தர போர்டு, அதுக்கு சோதனை அறையில ஒரு கன மீட்டர் காத்துல 0.124 மில்லிகிராமுக்கு மேல வரக் கூடாது. டிசைனரை நேர்ல வரச் சொன்னேன், வந்தாங்க, பின்பக்கப் பலகையைக் கழட்டினா பின்னாடி ஒரு முத்திரையும் இல்ல, ஓரமெல்லாம் மூடற பட்டை ஒட்டாம வெறும் பலகையா இருக்கு, உள்ள இருக்கறது நாங்க பேசின போர்டே இல்ல. கான்ட்ராக்டர் சரக்கு கெடைக்கலன்னு மாத்தியிருக்கார், யார் கிட்டயும் சொல்லல.

டிசைனர் சாக்கு சொல்லல, அதை நான் கட்டாயம் சொல்லியாகணும். முழு வார்ட்ரோப்பையும் எடுத்துட்டுப் போகச் சொல்லி, புதுசா வந்த பலகை ஒவ்வொண்ணுலயும் முத்திரையை என் முன்னாடி போட்டோ எடுத்து, நாலு ஓரமும் ஸ்க்ரூ ஓட்டையும் உள்பட அடைச்சிருக்கான்னு விரல் வெச்சுத் தடவிப் பாத்துட்டுத் தான் மாட்ட விட்டாங்க. பலகையோட முகத்துல லேமினேட் இருக்கு, அங்க இருந்து வாயு வர்றது கம்மி, வெட்டின ஓரத்துல இருந்து தான் ஜாஸ்தி வருது, அதனால பட்டை ஒட்டாத பின்பக்கமும், ஒயர் போக வெட்டின ஓட்டையும் தான் பாக்க வேண்டிய எடம். ஆனா இதுனால பையன் ஆறு வாரம் ஹால்ல தூங்கினான். சரக்கு வந்து எறங்கறப்பவே அவங்க சைட்டுல நின்னு செக் பண்ணியிருந்தா இது நடந்திருக்காது, தப்பு அவங்க மேலயும் இருக்கு. என்னோட ஸ்டார்ல ஒண்ணு கொறைஞ்சதுக்கு இது தான் காரணம்.

சூப்பர்வைசர் மூணு பேர் மாறினாங்க. ஒவ்வொருத்தர் கிட்டயும் ஒரு ட்ராயிங் இருக்கும், வாட்ஸ்அப்ல வந்த கடைசி ட்ராயிங் எதுன்னு யாருக்கும் தெரியாது, ஷவர் பக்கத்துல சோப்பு வெக்கற மாடத்தைப் பழைய ட்ராயிங் பாத்து 1.5 மீட்டர்ல வெட்டிட்டாங்க, பையனுக்கு எட்டல, அம்மாவுக்குக் கை தூக்கணும். மொத்தத்துல ஏழு வாரம் லேட்.

ஹால் சுவத்துல மடிக்கிற கட்டில், விருந்தாளி வந்தா எறக்கலாம். ஐடியா அருமை, எறக்கினா படுக்கை, ஏத்தினா சுவர். ஆனா அதைத் தாங்கற காஸ் பம்ப் பதினாலு மாசத்துல பலம் போயிடுச்சு, கட்டில் சடார்னு கீழ வர ஆரம்பிச்சுது, பசங்க இருக்கற வீட்டுல அது ஆபத்து. மெத்தை எடைக்கு பம்ப் எவ்வளவு பலமாத் தள்ளணும்ங்கற நியூட்டன் கணக்கு பாக்காம போட்டிருக்காங்க, நாங்க மெத்தையை மாத்தினதும் ஒரு காரணம், ஆனா மெத்தை மாத்தினா பம்ப்பும் மாத்தணும்னு யாராவது எங்க கிட்ட சொல்லியிருக்கணும். வாரன்டி ஒரு வருஷம் முடிஞ்சிருந்தும் ஃப்ரீயா மாத்திக் குடுத்தாங்க.

கைப்பிடி இல்லாத, அமுக்கினா தொறக்கற கப்போர்டு கதவு கிச்சன்ல வேண்டவே வேண்டாம். ஈரக் கையால அமுக்கி அமுக்கி கதவுல கறை, சாஞ்சு நின்னா தானா தொறந்துக்கும், ஒரு வருஷத்துல எல்லாத்துக்கும் கைப்பிடி போட்டாச்சு. கறுப்பு மேட் குழாயும் அதே கதை தான், உப்புத் தண்ணி வர்ற வீட்டுல ரெண்டு நாளுக்கு ஒரு தடவை வெள்ளை வெள்ளையா திட்டு படியுது, தொடைச்சு மாளல. ஹால் உள் சுவத்துல செடிச் சுவர் ஒண்ணு வெச்சுக் குடுத்தாங்க, அது மட்டும் எனக்கு இன்னும் மனசு ஆறல, ஜன்னல்ல இருந்து மூணு மீட்டர் உள்ள போனா வெளிச்சம் பல மடங்கு கொறைஞ்சு போகும்னு தெரிஞ்சவங்க தானே இவங்க, சாக்பீஸ் வெச்சு கோடு போட்டவங்க தானே. நாலு மாசத்துல முக்கால்வாசி செடி செத்துப் போச்சு, ஒவ்வொண்ணா புடுங்கறப்ப அவ்வளவு கஷ்டமா இருந்துச்சு. மிச்சம் இருந்த ஆறு தொட்டியை பால்கனிக்கு மாத்தினேன், அங்க நல்லா வந்துட்டிருக்கு.

மெட்டீரியல்ல நான் மறுபடியும் கேட்டு வாங்கணும்னா கார்க் தான், அது ஒரு மரத்தோட பட்டை. பையன் ரூம்ல மேஜைக்கு மேல சுவர் முழுக்க கார்க் ஒட்டியிருக்கு, அவன் குண்டூசி குத்திக் குத்தி எடுத்தாலும் ஓட்டை தெரியல, அவன் சத்தம் போட்டுப் படிச்சாலும் அந்த ரூம்ல எதிரொலி கம்மி. மரத்தை வெட்டாம பட்டையை மட்டும் உரிக்கறாங்க, மரத்துக்கு 25 வயசு ஆன அப்புறம் முதல் தடவை, அதுக்கப்புறம் 9 வருஷத்துக்கு ஒரு தடவை, பட்டை திரும்ப வளர்ந்துடும். மூங்கில் தரைக்கும் ஆசைப்பட்டேன், மூங்கில் புல் வகை, மூணுல இருந்து ஆறு வருஷத்துல வெட்டலாம், ஆனா கீத்து கீத்தா கிழிச்சுப் பசை போட்டு அமுக்கித் தான் பலகை ஆக்கறாங்க, பசை என்னன்னு கம்பெனி எழுதிக் குடுக்க மாட்டேன்னுச்சு, வார்ட்ரோப் அனுபவம் ஆன அப்புறம் நான் வேண்டாம்னுட்டேன். எந்தப் பொருளா இருந்தாலும் பச்சை எலை படம் போட்ட ஸ்டிக்கரைப் பாக்காதீங்க, பசை என்ன, ஓரம் அடைச்சிருக்கா, ஒடைஞ்சா பாகம் மட்டும் மாத்த முடியுமா, இந்த மூணையும் கேளுங்க.

படுக்கை பக்கத்துல ப்ளக் பாயின்ட் ரெண்டு தான் வெச்சாங்க, பத்தல, இப்ப எக்ஸ்டென்ஷன் போட்டு வெச்சிருக்கோம். தெறந்த ஷெல்ஃப்ல தூசி. அது எல்லா வீட்டுலயும் தான்.

மொத்தத்துல அஞ்சுக்கு நாலு குடுப்பேன். டிசைனுக்கு மட்டும்னா அஞ்சு, சைட் வேலைக்கு மூணு. நீங்க இவங்க மாதிரி ஆளுங்களைத் தேடறீங்கன்னா, முதல் மீட்டிங்ல படம் காமிக்கறாங்களா டேப் எடுக்கறாங்களான்னு பாருங்க, உங்க வீட்டுல இருக்கற பழைய சாமானை தொட்டுப் பாக்கறாங்களான்னு பாருங்க. அவசரமா மூணு மாசத்துல குடி போகணும்னா இவங்க சரிப்பட மாட்டாங்க.

எங்க பழைய சாப்பாட்டு மேஜை ஒண்ணு இருந்துச்சு, அப்பா வாங்கினது, ஆறு பேர் உக்கார்ற மாதிரி பெருசு, இந்த ஹால்ல அது அடைச்சுக்கும். அதைத் தூக்கிப் போட அம்மாவுக்கு மனசே இல்ல. கார்பென்டர் அதை ரெண்டா அறுத்து, ஒரு பாதி நாலு பேர் சாப்பிடற மடக்கு மேஜையாவும், இன்னொரு பாதி பையனோட படிக்கற மேஜையாவும் ஆக்கிட்டார். பலகையோட ஓரத்துல அப்பா எப்பவோ சூடான பாத்திரத்தை வெச்சதுல விழுந்த வட்டக் கறை இருக்கு, அதை பாலிஷ் போட்டு எடுத்துடட்டுமான்னு கேட்டாங்க, அம்மா வேண்டாம்னுட்டாங்க. படிக்கற மேஜைக்குக் கால் வெச்சப்ப டிசைனர் பக்கவாட்டுல 4 செமீக்கு ஒண்ணா அஞ்சு ஓட்டை போடச் சொன்னாங்க, பையன் வளர வளர போல்ட்டைக் கழட்டி மேல ஏத்திக்கலாம். போன வருஷம் ஒரு ஓட்டை ஏத்தினோம், இப்ப மறுபடியும் முட்டி இடிக்குதுங்கறான், இந்த ஞாயித்துக்கெழமை வீட்டுக்காரர் ஸ்பேனர் எடுத்து வெச்சிருக்கார்.